மாணவியரைப் படித்த ஆசிரியை

கற்பிப்பவர் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று பாடம், மற்றொன்று கற்பவரின் உள்ளம். பாடத்தை அறிந்த ஆசிரியர்கள் எக்காலத்திலும் பலர் உண்டு. தம் முன் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் நாட்டம் எது, திறமை எது, துயரம் எது என்று அறிந்து, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குபவர்கள் சிலரே. அந்தச் சிலருள் தலைசிறந்தவர், சுவாமி விவேகானந்தரின் சிஷ்யையாகிய சகோதரி நிவேதிதை.

அவரைத் தேசபக்தராக நாம் அறிவோம். எழுத்தாளராக, சொற்பொழிவாளராக, கொள்ளைநோய்க் காலத்தில் கல்கத்தாவின் சந்துகளில் தொண்டு செய்தவராக அறிவோம். ஆனால் சுவாமிஜி அவரைப் பாரதத்திற்கு அழைத்தது முதன்மையாக ஆசிரியப் பணிக்காகவே. வடகல்கத்தாவின் ஒரு குறுகிய சந்தில், பதின்ம வயதை எட்டுமுன்பே குடும்பப் பொறுப்புக்குள் சென்றுவிடும் சிறுமியர்க்காக அவர் நடத்திய சிறு பள்ளியே அவரது வாழ்வின் மையம்.

ஆசிரியப் பணியில் ஓர் இளம்பெண்

மார்கரெட் எலிசபெத் நோபிள் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அயர்லாந்தின் டங்கனான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சாமுவேல் ரிச்மண்ட் நோபிள் ஒரு கிறிஸ்தவ சமயபோதகர்; ஏழைகளிடம் பரிவு மிக்கவர். மார்கரெட் பத்து வயதுச் சிறுமியாக இருக்கும்போதே அவர் காலமானார். பின்னர் மார்கரெட்டும் தங்கை மேயும் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்த ஒரு விடுதிப் பள்ளியில் கல்வி கற்றனர். கண்டிப்பு மிகுந்த பள்ளி அது. பிள்ளைகளின் மனம் கட்டளைகளுக்கு நடுவில் எவ்வாறு இருக்கும் என்பதை மார்கரெட் தம் அனுபவத்திலேயே உணர்ந்தார்.

1884இல், தமது பதினேழாவது வயதில், கெஸ்விக் என்னும் ஊரில் அவர் ஆசிரியையானார். தொடர்ந்து ரக்பியில் அநாதைச் சிறுமியரின் இல்லத்திலும், சுரங்கத் தொழிலாளர் மிகுந்த ரெக்ஸ்ஹாமிலும், பின் செஸ்டரிலும் பணிபுரிந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்தார்; பெற்றோரற்ற பிள்ளைகளையும் பார்த்தார். ஒரே பாடத்தை ஒரே முறையில் கற்பித்தால் ஒருவருக்குள் அது விதையாகிறது, மற்றவருக்குச் சுமையாகிறது என்பதைக் கண்டார். இதற்குத் தீர்வு என்ன என்னும் தேடல் அவருக்குள் எழுந்தது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் புதிய கல்வி இயக்கம் ஒன்று வளர்ந்து வந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெஸ்டலோட்ஸி, ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரோபெல் ஆகிய இரு கல்வியாளர்களின் கருத்துகளே அதன் அடிப்படை. பிள்ளை கண்டும் தொட்டும் செய்தும் கற்க வேண்டும் என்றார் முன்னவர். விளையாட்டே பிள்ளையின் இயல்பான கல்வி என்றார் பின்னவர். தம் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயரையும் அவரே சூட்டினார். தோட்டக்காரன் எல்லாச் செடிக்கும் ஒரே அளவு நீர் ஊற்றுவதில்லை அல்லவா? மார்கரெட் இக்கருத்துகளை ஆர்வத்தோடு கற்றார். 1890களில் லண்டனை அடுத்த விம்பிள்டனில் ரஸ்கின் பள்ளி என்னும் பெயரில் சொந்தமாகவே ஒரு பள்ளியைத் தொடங்கினார். எபனேசர் குக் என்னும் ஓவிய ஆசிரியரின் நட்பால், பிள்ளைகள் இயல்பாக வரையும் ஓவியத்தின் வழியே அவர்களின் மனத்தை அறியும் கலையும் அவருக்குக் கைவந்தது.

குருவின் அழைப்பு

1895 நவம்பரில், லண்டனில் சீமாட்டி இசபெல் மார்கெசனின் இல்லத்தில், அவர் முதன்முறையாகச் சுவாமி விவேகானந்தரின் உரையைக் கேட்டார். எளிதில் ஏற்றுக்கொண்டுவிடும் இயல்பினர் அல்லர் மார்கரெட். ஐயங்களை எழுப்பினார், வாதிட்டார், சிந்தித்தார். இறுதியில் சுவாமிஜியைக் குருவாக ஏற்றார்.

அவரைக் கவர்ந்தவற்றுள் சுவாமிஜியின் கல்விக் கொள்கையும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அறிவு அனைத்தும் ஆன்மாவில் ஏற்கெனவே உள்ளது. வெளியிலிருந்து எவரும் அதைக் கொண்டுவந்து நிரப்ப முடியாது. செடி தானே வளர்கிறது, வேலியிட்டு, மண்ணைக் கிளறி, தடைகளை நீக்குவதே நம் வேலை என்பது சுவாமிஜியின் உபதேசம். குழந்தைகளின் தோட்டம் என்று ஐரோப்பா எதைச் சொன்னதோ, அதன் வேர் அத்வைத வேதாந்தத்தில் இருப்பதை மார்கரெட் கண்டார். ஒவ்வொரு மாணவியிலும் உறையும் பரம்பொருள் ஒன்றே. அது வெளிப்படும் வழி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே எந்த மாணவியையும் மற்றொருத்தியின் அச்சில் வார்க்க முயல்வது தவறு. இதுவே அவரது கல்விப் பணிக்கு ஆன்மிக அடித்தளமாயிற்று.

1898 ஜனவரி 28ஆம் நாள் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். மார்ச் 25ஆம் நாள் சுவாமிஜி அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, அர்ப்பணிக்கப்பட்டவள் என்னும் பொருளில் நிவேதிதை என்ற திருநாமத்தைச் சூட்டினார். இந்தியப் பெண்களுக்குத் தொண்டு செய்ய வேண்டுமானால் முதலில் அவர்களைப்போல் வாழவும் சிந்திக்கவும் கற்க வேண்டும் என்பது குருவின் ஆணை. லண்டனில் ஆசிரியையாகப் புகழ்பெற்றிருந்தவர், கல்கத்தாவில் மீண்டும் மாணவியானார்.

போஸ்பாரா சந்தில் ஒரு பள்ளி

பாக்பஜார் பகுதியின் வைதீகக் குடும்பத்தினர் ஓர் ஐரோப்பியப் பெண்ணிடம் தங்கள் மகள்களை அனுப்புவார்களா? பள்ளி தொடங்குவதற்கு முன், பக்தர் பலராம் போஸின் இல்லத்தில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. நிவேதிதை தமது திட்டத்தை விளக்கினார். வந்திருந்த இல்லறத்தார் கேட்டார்கள். எவரும் வாய் திறக்கவில்லை. சுவாமிஜி ஓசையின்றி உள்ளே வந்து பின்வரிசையில் அமர்ந்து, அருகிலிருந்தவர்களை இடித்து இடித்துத் தூண்டினார். அப்போதும் எவரும் எழவில்லை. உடனே சுவாமிஜி எழுந்து, அங்கிருந்த ஹரமோகன் பாபு தம் மகளைப் பள்ளிக்குத் தர இசைகிறார் என்று அவர் சார்பில் தாமே அறிவித்துவிட்டார்! நிவேதிதை மகிழ்ச்சியில் குழந்தையைப்போல் கைகொட்டினார்.

1898 நவம்பர் 13ஆம் நாள், காளி பூஜைத் திருநாளில், போஸ்பாரா சந்து 16ஆம் எண் வீட்டில் அன்னை ஸ்ரீசாரதாதேவியார் பூஜை செய்து பள்ளியைத் தொடங்கிவைத்தார். ஜகன்மாதாவின் அருள் இப்பள்ளியின்மீது பொழிய வேண்டும், இங்குக் கற்கும் சிறுமியர் இலட்சியப் பெண்களாக விளங்க வேண்டும் என்று அன்னை ஆசியளித்தார். வருங்காலப் பெண்குலத்திற்கு இதைவிடச் சிறந்த சகுனம் வேறொன்றைத் தம்மால் எண்ணிப்பார்க்க முடியவில்லை என நிவேதிதை கருதினார்.

வீட்டிலிருந்து தொடங்கிய பாடம்

பள்ளி தொடங்கியாயிற்று. எதை, எப்படிக் கற்பிப்பது? வெளிநாட்டுப் பாடநூல்களை மொழிபெயர்த்து ஒப்பிக்க வைப்பது அன்று பலரும் செய்தது. நிவேதிதை அவ்வழியில் செல்லவில்லை. முதலில் அச்சிறுமியர் என்னென்ன அறிந்திருக்கிறார்கள் என்று கூர்ந்து நோக்கினார். அவர்களுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஆனால் விரத நாள்களில் அரிசி மாவைக் குழைத்து வாசலில் அல்பனாக் கோலம் இடத் தெரியும். பூஜைக்கு மலர் தொடுக்கத் தெரியும். இராமாயண, மகாபாரதக் கதைகள் தெரியும். தையல் தெரியும், விருந்தினரை வரவேற்கத் தெரியும். இவையெல்லாம் ஏற்கெனவே பெற்ற கல்வி என்பது நிவேதிதையின் முடிவு. புதிய கல்வி இந்தக் கிளையிலேயே துளிர்க்க வேண்டும். வெட்டி ஒட்டவைப்பதாக இருக்கக் கூடாது.

எனவே அவரது வகுப்பில் எழுத்துடனும் எண்ணுடனும் ஓவியமும், களிமண் உருவங்கள் செய்வதும், தையலும் இடம்பெற்றன. சிறுமியர் செய்த பொருள்களை அவர் பொக்கிஷமாகப் பாதுகாத்தார். ஒரு மாணவி வரைந்த அல்பனாவைத் தம் அறைச் சுவரில் மாட்டிவைத்திருந்தார். கலையறிஞர் ஆனந்த குமாரசாமி அங்கு வந்தபோது அதனைக் கண்டு பாராட்டினார். அந்தப் பாராட்டைத் தமக்குக் கிடைத்த பெரும்பேறாக எண்ணி மகிழ்ந்தார் ஆசிரியை. வீட்டு வாசலில் தினமும் காலடிபட்டு அழியும் கோலம், உலகறிந்த அறிஞரின் கண்ணில் கலையாகத் தெரிந்தது என்னும் செய்தி அந்தப் பெண்ணுக்கு எத்தகைய தன்னம்பிக்கையைத் தந்திருக்கும்!

வரலாறு கற்பிக்கும்போது அவர் தம்மையே மறந்துவிடுவார். தாம் நேரில் கண்ட சித்தூர்க் கோட்டையைப் பற்றிக் கூறுகையில், கண்களை மூடி, கைகூப்பி, இராணி பத்மினியாகவே மாறி அமர்ந்துவிடுவார். மாணவியர் மூச்சடக்கிக் கேட்பார்கள். ஒரு நாள் பாரதத்தின் அரசி யார் என்று கேட்டார். விக்டோரியா மகாராணி என்று சிறுமியர் விடையளித்தனர். நிவேதிதையின் முகம் வேதனையில் சிவந்தது. தங்கள் அரசி யாரென்றுகூட இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படவில்லையே என்று வருந்தினார். பாரதத்தின் என்றென்றைக்குமான அரசி சீதாதேவியே என்று அவர்கள் உள்ளத்தில் பதியவைத்தார். அச்சிறுமியர் சீதையைத் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள். தெரிந்த ஒருத்தியைக் கொண்டே தெரியாத தேசத்தை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார் நிவேதிதை.

மற்றொரு நிகழ்ச்சி. ஓவிய வகுப்பில் கோடு என்பதைக் குறிக்க ஒரு மாணவி லைன் என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினாள். உங்கள் மொழியில் அதற்கு என்ன சொல் என்று நிவேதிதை கேட்டார். அவருக்கு வங்காளி சரளமாக வராது. மாணவியருக்கோ திடீரென்று எதுவும் தோன்றவில்லை. அவரது முகம் வாடியது. கடைசியில் ஒரு சிறுமி ரேகா என்றாள். இழந்த செல்வம் மீண்டு வந்ததுபோல் அந்தச் சொல்லை மீண்டும் மீண்டும் உச்சரித்து மகிழ்ந்தார் ஆசிரியை. கற்பிப்பவரே மாணவியிடம் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார். தன் தாய்மொழிக்கு இத்தனை மதிப்பா என்று மாணவி வியந்தாள்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு குறிப்பு

நிவேதிதையின் முறையில் தனிச்சிறப்பு வாய்ந்தது இது: தம் மாணவியருள் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் தனித்தனியாகக் குறிப்பு எழுதி வைத்தார். எத்தனை நாள் பள்ளிக்கு வந்தாள் என்பதுடன் அக்குறிப்பு முடிந்துவிடாது. அவளது குணம் எத்தகையது, கைவேலையில் எப்படி, எதில் அவளுக்கு ஈடுபாடு, யாருக்கு அடங்குவாள், எதற்குப் பிணங்குவாள் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். அடங்காத பிள்ளை என்று பிறர் ஒதுக்கியவளிடம் ஆற்றலையும், மந்தமானவள் என்று கருதப்பட்டவளிடம் பொறுமையையும் அவர் தேடிக் கண்டார். மதிப்பெண் பட்டியல் மாணவியை மற்றவரோடு ஒப்பிடும். இந்தக் குறிப்போ அவளை அவளுக்குள்ளேயே தேடியது.

இதற்கு அவர் செலவிட்ட உழைப்பு சாதாரணமானதன்று. பள்ளிக்கு வேண்டிய பணத்தின் பெரும்பகுதியை நூல்களும் கட்டுரைகளும் எழுதியும், ஓலி புல் அம்மையார் போன்ற அன்பர்களின் உதவி பெற்றும் அவர் ஈட்ட வேண்டியிருந்தது. நிதி திரட்டுவதற்காகவே 1899 ஜூனில் சுவாமிஜியுடன் மேலைநாடு சென்றார், பள்ளி மூடப்பட்டது. 1902இல் திரும்பி வந்து, சரஸ்வதி பூஜை நாளில் அதனை மீண்டும் திறந்தார்.

அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள், தம் பள்ளியில் ஒரு குறிப்பிட்ட அறிவியல் பாடத்தைச் சேர்க்கலாமா என்று கேட்கச் சுவாமிஜியிடம் பேலூர் மடத்திற்குச் சென்றார். நீ எண்ணுவது சரியாக இருக்கலாம், ஆனால் என் மனம் இப்போது இவற்றில் இல்லை என்ற கருத்தில் பதிலளித்தார் சுவாமிஜி. அன்று ஏகாதசி, தாம் உபவாசம் இருந்தபோதும் சிஷ்யைக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறினார், உண்டு முடிந்ததும் அவர் கையில் நீர் வார்த்து, துண்டால் துடைத்தும் விட்டார். ஜூலை 4ஆம் நாள் சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். இனி முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டும் என்பது மட்டுமன்று, ஆசிரியர் மாணவர்க்குச் செய்யும் தொண்டு எத்தகையதாக இருக்க வேண்டும் என்னும் கடைசிப் பாடத்தையும் நிவேதிதை அன்று பெற்றிருந்தார்.

நழுவிச் செல்லும் சில ஆண்டுகள்

இப்பள்ளியின் பெரும் சவால் பாடத்திட்டத்தில் இல்லை, நாள்காட்டியில் இருந்தது. அக்காலத்து வங்காளத்தில் பெண்கள் பத்து, பன்னிரண்டு வயதுக்குள் மணம் முடிக்கப்பட்டனர். 1891ஆம் ஆண்டின் சட்டம் இல்லற உறவுக்கான குறைந்தபட்ச வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. திருமணத்திற்கான குறைந்தபட்ச வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. ஆகவே ஒரு சிறுமியின் மனம் மலரத் தொடங்கி, அவளது நாட்டம் எது என்று ஆசிரியை கண்டுகொள்ளும் வேளையில், அவள் புகுந்த வீட்டிற்குச் சென்றுவிடுவாள். நிவேதிதையின் குறிப்பேட்டில் அவள் கதை பாதியில் நின்றுவிடும்.

அவர் சமூகத்தைப் பழித்துக்கொண்டு அமரவில்லை. பெற்றோரின் நம்பிக்கையைக் குலைக்கவும் முயலவில்லை. வீடு வீடாகச் சென்று, இன்னும் சில மாதங்கள் இவளை அனுப்புங்கள் என்று கைகூப்பி வேண்டினார். அனுமதி கிடைத்த சில மாதங்களில் அவளுக்கு எது வாழ்நாள் முழுவதும் துணைநிற்கும் என்று ஆராய்ந்து அதனையே கற்பித்தார்.

பள்ளிக்கு வர இயலாதவர்களுக்குப் பள்ளியே வழி கண்டது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆசிரியையாக இருந்த சகோதரி கிறிஸ்டைன் 1902இல் வந்து சேர்ந்தார். 1903இல், மணமான இளம்பெண்களுக்கும் இளம் விதவைகளுக்குமான தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. இல்லறப் பணிகள் ஓய்ந்த பிற்பகல் நேரத்தில், மூடிய வண்டியில் அவர்கள் அழைத்துவரப்பட்டனர். எழுத்தும் தையலும் கற்றனர். யோகின்மா சாஸ்திரக் கதைகளைக் கூறினார். விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸின் சகோதரி லாவண்யபிரபா அம்மையாரும் கற்பித்தார். படிக்கும் பருவம் முடிந்துவிட்டது என்று உலகம் முத்திரையிட்ட பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களுக்கு அந்தப் பிற்பகல் நேரங்கள் இரண்டாம் பிறவியாயின.

மாணவியரின் தேவை ஏட்டுக் கல்வியோடு முடிந்துவிடவில்லை என்பதையும் நிவேதிதை அறிந்திருந்தார். அப்பகுதியில் வாழ்ந்த ஓர் இளம் விதவைக்கு ஒவ்வோர் ஏகாதசியன்றும் அவர் தம் இல்லத்தில் சிற்றுணவு அளிப்பது வழக்கம். ஒருமுறை வேலை மிகுதியால் அதனை மறந்து, ஜகதீஸ் சந்திர போஸின் இல்லத்திற்குச் சென்றுவிட்டார். அங்கே திடீரென்று நினைவு வந்தது. உடனே அங்கிருந்து புறப்பட்டு விரைந்து திரும்பினார். அப்பெண்ணை அழைத்து, தாம் மறந்ததற்காக மனம் வருந்தி, அன்புடன் உணவளித்தார். ஒருத்தியின் பசியை நினைவில் வைத்திருக்கத் தெரிந்தவரே அவளது அறிவுப் பசியையும் அறிவார்.

சுதேசி இயக்கக் காலத்தில் பள்ளியில் வந்தே மாதரம் பாடப்பட்டது. மாணவியர் இராட்டையில் நூல் நூற்கக் கற்றனர். தேசத்திற்கான கொடி ஒன்றை நிவேதிதை வடிவமைத்தார். ததீசி முனிவரின் தியாகத்தை நினைவூட்டும் வஜ்ராயுதம் அதன் நடுவில் அமைந்தது. அக்கொடியைத் துணியில் பின்னியவர்கள் அவரது மாணவியரே. 1906இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அடுப்பங்கரைக்கு அப்பால் அறியாதவர்கள் என்று கருதப்பட்ட பெண்களின் தையல் தேசத்தின் பணியாயிற்று.

கவிஞரும் ஓவியரும்

தம் கொள்கையில் நிவேதிதை எத்துணை உறுதியாக இருந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. மகாகவி இரவீந்திரநாத் தாகூர் தம் மகளின் கல்விப் பொறுப்பை ஏற்குமாறு அவரிடம் வேண்டினார். எத்தகைய கல்வி என்று நிவேதிதை கேட்டார். ஆங்கிலமும், அம்மொழிவழி வழக்கமாகத் தரப்படும் கல்வியும் என்றார் கவிஞர். நிவேதிதை மறுத்துவிட்டார். வெளியிலிருந்து ஒன்றைத் திணிப்பதால் என்ன பயன்? குடும்பத்தின் மரபாலும் தனிமனித இயல்பாலும் ஒரு பிள்ளைக்குள் உறங்கும் ஆற்றலை எழுப்புவதே கல்வி என்பது அவர் கருத்து. புகழ்மிக்க குடும்பம், வசதிமிக்க பணி. எனினும் போஸ்பாரா சந்துச் சிறுமியர்க்கு ஒரு நீதி, பெரிய இடத்துப் பெண்ணுக்கு வேறொரு நீதி என்று அவரால் இருக்க இயலவில்லை. இந்நிகழ்ச்சியைப் பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்து எழுதியவர் தாகூரே. நிவேதிதையை லோகமாதா, உலகின் தாய், என்று போற்றியவரும் அவரே.

இளம் ஓவியர்கள்மீதும் அவரது பார்வை இதே அன்புடன் படிந்தது. நந்தலால் போஸ் அப்போது கல்கத்தா கலைப்பள்ளியில் பயின்றுவந்த இளைஞர். அவர் தீட்டிய காளி ஓவியத்தைக் கண்ட நிவேதிதை, குறையைப் பரிவோடு சுட்டி, சுவாமிஜி காளியைப் பற்றி எழுதிய கவிதையைப் படிக்குமாறு தூண்டினார். 1909இல் ஹெரிங்ஹாம் சீமாட்டி அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, நந்தலாலும் அசித் குமார் ஹால்தாரும் அங்குச் சென்று பணிபுரிய ஊக்கமளித்தவர் நிவேதிதை. அசித் குமாருக்கு அப்போது வயது இருபதைத் தாண்டவில்லை. இவ்விருவரும் பின்னாளில் இந்திய ஓவியத்தின் தூண்களானார்கள்.

நம் தமிழகத்தின் மகாகவி பாரதியாரும் நிவேதிதையை ஒருமுறையே சந்தித்தார். பெண்ணைச் சமமாக மதிக்காமல் தேச விடுதலை இல்லை என்னும் உண்மையை அச்சந்திப்பில் பெற்றார். அவரைத் தம் குருவாகவே வரித்து, 1908இல் வெளிவந்த ஸ்வதேச கீதங்கள் நூலையும், 1909இல் வெளிவந்த ஜன்ம பூமி நூலையும் அவருக்குச் சமர்ப்பித்தார். எவருக்கு எந்தச் சொல் விதையாகும் என்று அறிந்து பேசும் ஆற்றல் நிவேதிதைக்கு வாய்த்திருந்தது.

முழுமையான சமர்ப்பணம்

ஓயாத உழைப்பு உடலைத் தேய்த்தது. 1905இல் கடும் நோய். 1906இல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளத்தாலும் பஞ்சத்தாலும் வாடிய மக்களிடையே தொண்டு செய்தபின் மலேரியா. எனினும் அவர் பள்ளியை மறக்கவில்லை. 1906இல் பணியில் இணைந்த சுதீரா தேவி என்னும் இளம் வங்காளப் பெண்ணைப் பொறுப்புகளுக்கு உரியவராகப் பழக்கினார். வங்காளப் பெண்களின் கல்வியை வங்காளப் பெண்களே நடத்த வேண்டும், வெளியிலிருந்து வந்தவர் வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். நல்லாசிரியரின் இறுதி வெற்றி அது.

1911 அக்டோபரில், டார்ஜிலிங்கில் போஸ் தம்பதியருடன் தங்கியிருந்தபோது நோயுற்றார். முடிவு நெருங்குவதை உணர்ந்து உயில் எழுதினார். தம் உடைமைகளையும் நூல்களின் உரிமையையும் இந்தியப் பெண்களுக்குத் தேசியக் கல்வி அளிக்கும் பொருட்டு பேலூர் மடத்து அறங்காவலரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 13ஆம் நாள், நாற்பத்து நான்கு வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்க, இறைவனின் திருவடியை அடைந்தார்.

அவருக்குப் பின் சுதீரா தேவி பள்ளியை வளர்த்தார். ஒரு சந்து வீட்டில் தொடங்கிய அப்பள்ளி, இன்று ஸ்ரீராமகிருஷ்ண சாரதா மிஷனின் நிர்வாகத்தில் அவரது திருப்பெயரையே தாங்கி நடைபெறுகிறது. அன்னையின் திருக்கரங்களால் தொடங்கப்பெற்ற 16ஆம் எண் வீடு நினைவு இல்லமாகப் போற்றப்படுகிறது.

நமக்கான பாடம்

நம் இல்லங்களிலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று அவர்களைப் படிப்பிலிருந்து பிரித்துச் செல்லும் குழந்தைத் திருமணம் பெரும்பாலும் குறைந்துள்ளது. ஆனால் வேறொரு பிரிவு நிகழ்கிறது. தேர்வும் போட்டியும் நெருங்கும் அந்த வயதில், பாட்டிலோ, மரவேலையிலோ, விண்மீன்களிலோ, நோயாளிக்குப் பணிவிடை செய்வதிலோ பிள்ளைக்கு இருந்த இயல்பான நாட்டம் தேவையற்றது என்று ஓரங்கட்டப்படுகிறது. பிள்ளை பள்ளியில் இருக்கிறான். அவனுக்குள்ளிருந்த மாணவன் வெளியேறிவிடுகிறான்.

நிவேதிதை தேவியார் காட்டிய வழி செலவில்லாதது. ஆனால் பொறுமையை வேண்டுவது. பிள்ளையின் விருப்பம் போனபடி விட்டுவிடு என்று அவர் கூறவில்லை. கோலமிடத் தெரிந்தவளைக் கோலத்தோடு நிறுத்தாமல், அதன்வழியே ஓவியத்திற்கும், தையல்வழியே தேசத்திற்கும், சீதையின்வழியே வரலாற்றுக்கும் அழைத்துச் சென்றார். நாட்டம் வாயிற்படி, வீடு அதற்கு அப்பால் இருக்கிறது. அந்த வாயிலைக் கண்டறிவதே பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டிய முதல் பூஜை.

அவர் வைத்திருந்ததுபோல் நாமும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துப் பார்க்கலாம். நம் பிள்ளை எப்போது நேரத்தை மறக்கிறாள்? எதைப் பற்றிக் கேட்காமலே பேசுகிறாள்? எதில் தோற்றாலும் மீண்டும் முயல்கிறாள்? இக்கேள்விகளுக்கு விடை எழுத நம்மால் இயலாவிட்டால், அவளது மதிப்பெண்ணை மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம் என்று பொருள்.

ஒவ்வொரு பிள்ளையிலும் இறைவன் ஒரு தனி வழியில் வெளிப்படக் காத்திருக்கிறான். அந்த வழியை நாம் அடைத்துவிடாதிருக்க, தம்மை முழுவதும் நிவேதனமாக்கிய அந்த ஆசிரியையின் நினைவு நமக்குத் துணைநிற்கட்டும். அன்னை ஸ்ரீசாரதாதேவியார் அன்று போஸ்பாரா சந்தில் வழங்கிய ஆசி, நம் இல்லத்துப் பிள்ளைகள்மீதும் பொழிவதாகுக!